நாய்க்குக் கிடைக்காத சோறு

நான் பணி ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. இந்த எட்டு மாதத்தில் என்னிடம் யாராவது கேட்ட ஒரே கேள்வி, குப்பையை வெளியே வைத்தாயிற்றா என்பதுதான். அதனால் போன மாதம் தலைநகரில், பிரிக்பீல்ட்சில் இளம் தமிழாசிரியர்கள் கூட்டம் ஒன்றுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கிள்ளானில் ரயில் ஏறி, இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய், பூட்டிக் கிடந்த மண்டபத்து வாசலில் நின்றேன். காவலாளி என்னைப் பந்தல் போட வந்தவன் என்று நினைத்துக்கொண்டு, "லோரி எங்க அண்ணே?" என்று கேட்டார்.

என் பேச்சு நன்றாகவே போனது. கடைசியில் ஓர் இளம் ஆசிரியை எழுந்தார். "சார், இப்பல்லாம் பிள்ளைங்க போன்ல கேட்டாலே விடை வந்துடுது. அழகா, தப்பில்லாம, பத்து பாயிண்டோட. அப்புறம் இலக்கியம்னா என்ன, அதை ஏன் படிக்கணும்னு கேக்குதுங்க. நாங்க என்னத்தச் சொல்றது?"

முப்பத்திரண்டு வருடம் இந்தப் பாடத்தை நடத்தியவன் நான். பண்பாடு, அடையாளம், வேர், விழுது என்று ஒரு மணி நேரத்துக்கான சரக்கு நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மைக்கைக் கிட்டே கொண்டுபோனேன். வந்த சொல் என்னவோ, "நாய்." அதோடு சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தார்கள். முதுகில் தட்டினார்கள். மனிதருக்கு வயதாகிவிட்டது என்று எல்லாரும் முடிவு செய்வதைக் கண்ணால் பார்த்தேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்து வந்தேன். எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

ஆசிரியர் பயிற்சி, கெடாவில் இரண்டு வருடக் கொசுக்கடி, கல்யாணம், கிள்ளானுக்கு மாற்றல். என் இளமை இவ்வளவுதான். கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நான்தான் தமிழாசிரியர். தமிழ்மொழிக்காவது பள்ளி அட்டவணையில் இடம் உண்டு. தமிழ் இலக்கியம் விருப்பப் பாடம். அதற்கு வகுப்பறையும் கிடையாது, நேரமும் கிடையாது. சனிக்கிழமை காலையில் காண்டீனில் நடத்த வேண்டும். பக்கத்தில் அக்கா ஒருவர் மீன் பொரித்துக்கொண்டிருப்பார். நான் உவமையை விளக்குவேன், பிள்ளைகள் மீனைப் பார்ப்பார்கள்.

முதல் வருடம் பதினொரு பேர் சேர்ந்தார்கள். அதில் ஒரு பையனை அவன் அப்பா மோட்டாரில் ஏற்றிக்கொண்டு கேரி தீவிலிருந்து கூட்டி வந்தார். செம்பனைத் தோட்டத்தில் வேலை. தலைக்கவசத்தைக் கழற்றாமலே என்னிடம் கேட்டார்: "சார், இது படிச்சா என்னா கிடைக்கும்?"

அடேயப்பா, இந்தக் கேள்விக்குத்தானே காத்திருந்தேன்! இருபது நிமிடம் பேசினேன். மனிதனை மனிதனாக்குவது இலக்கியம் என்றேன். வாழ்க்கையின் கண்ணாடி என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "பரீட்சையில ஏ கிடைக்குமா சார்?" என்றார்.

"கிடைக்கும்."

"அதை முதல்லயே சொல்லுங்க லா," என்று மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அன்று ஞானம் பிறந்தது. அடுத்த வருடத்திலிருந்து நான் கண்ணாடியையும் காட்டவில்லை, மனிதனையும் ஆக்கவில்லை. "இன்னொரு ஏ, லேசா கிடைக்கும்" என்று ஒரே வரி. பதினொரு பேர் நாற்பது பேரானார்கள். காண்டீன் அக்கா இன்னொரு வாணலி வாங்கினார். ஜெஞ்சாரோம், பந்திங் பக்கமிருந்தெல்லாம் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். கடைசியில் ஒரு பதிப்பாளர் வந்து, "சார், ரிவிஷன் புக் ஒண்ணு போடுவோம்" என்றார். பள்ளி விடுமுறையில் ஒன்பதே நாளில் எழுதிக் கொடுத்தேன். பச்சை அட்டை. அட்டையில் என் பெயர். நாட்டில் இலக்கியம் எடுத்த பிள்ளைகள் பாதிப் பேர் கையில் அதுதான் இருந்தது. பச்சைப் புத்தகம் என்றாலே போதும், எல்லாருக்கும் தெரியும். நான் அப்போது தரையில் நடந்ததாக ஞாபகமில்லை.

பாடத்திட்டத்தில் ஏழு பக்கக் கதை ஒன்று இருந்தது. நம் நாட்டு எழுத்தாளர் எழுதியது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். தாய் விடியற்காலையிலேயே எழுந்து கோழிப் பிரட்டல் வைத்து, சோற்றோடு தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்தில் போய் உட்காருகிறாள். மகன் வரவில்லை. கடைசி பஸ்ஸும் போய்விடுகிறது. அப்போது ஒரு நாய் வருகிறது. கடைசியில் என்ன நடக்கிறது? பச்சைப் புத்தகத்தில் நான் எழுதியது இது: "கண்ணீர் மல்க, அந்த வாயில்லா ஜீவனுக்குச் சோற்றை வைத்த அவளின் தாயுள்ளம் போற்றுதற்குரியது." கருப்பொருள், தியாகம். படிப்பினைகள், நான்கு. முடிந்தது.

அந்த வாக்கியத்தின் மேல் எனக்கு ஒரு தனிப் பாசம். எங்கே போனாலும் பிள்ளைகள் அதை அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பார்கள். எனக்குக் காது குளிரும்.

இனி தேர்வுத் தாள் திருத்தும் பணிக்கு வருகிறேன். எந்த வருடம் என்று சொல்ல மாட்டேன், இரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பள்ளிப் படிப்பின் கடைசியில் வரும் ஐந்தாம் படிவத் தேர்வு முடிந்ததும் இலக்கிய ஆசிரியர்கள் எட்டுப் பேரை ஒரு பள்ளி மண்டபத்தில் உட்கார வைப்பார்கள். மண்டபம் பிரிக்பீல்ட்சுக்குப் பக்கத்தில்தான். ஆளுக்கொரு மேசை. பழுப்பு உறையில் விடைத்தாள் கட்டு. தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். திருத்துபவருக்குச் சிவப்பு மை, தலைமைத் திருத்துநருக்குப் பச்சை. கருத்து சரியென்றால் ஒரு டிக், விளக்கத்துக்கு ஒரு டிக், சான்றுக்கு ஒரு டிக். தாளில் ஒரு சொல்கூட எழுதக் கூடாது. 'நன்று' என்று எழுதினால்கூடக் குற்றம். ஒரு முறை மதிப்பெண் போட்டுவிட்டால் அதை அடிக்கத் தலைமைத் திருத்துநர் கையெழுத்து வேண்டும்.

தலைமைத் திருத்துநர் சரோஜினி டீச்சர். ஐந்தடிக்கும் குறைவு. கைத்தறிச் சேலை, சங்கிலி கோத்த மூக்குக் கண்ணாடி. அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அவர் பேசும்போது எட்டுப் பேரும் மின்விசிறியை அணைத்துவிட்டுக் கேட்போம். எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து வருவது ஒரே கேள்வி: "ஸ்கீம்ல இருக்கா?" விடைத் திட்டத்தில் இருந்தால் மார்க் உண்டு, இல்லையென்றால் இல்லை. பத்துத் தாளுக்கு ஒன்றை உருவி எடுத்துப் பார்ப்பார். தப்பு இருந்தால் திட்ட மாட்டார். நம் மேசைக்கு வந்து, தப்பு இருக்கும் இடத்தில் ஒரு விரலை வைத்துவிட்டு அப்படியே நிற்பார். அந்த விரலுக்கு நான் பயந்த மாதிரி என் மாமனாருக்குக்கூடப் பயந்ததில்லை.

அந்த வருடம் அந்த ஏழு பக்கக் கதையிலிருந்து கேள்வி. முடிவு உணர்த்தும் கருத்தை மூன்று சான்றுடன் விளக்க வேண்டும், பதினைந்து மார்க். விடைத் திட்டம் தயாரித்த குழுவில் நானும் இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். குழுவின் கையில் பச்சைப் புத்தகம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாளாகத் தாளுக்குத் தாள் என் வாக்கியமே வந்தது. கண்ணீர் மல்க, டிக். வாயில்லா ஜீவன், டிக். தாயுள்ளம், டிக். கச்சேரியில் தாளம் போடுகிறவனைப் போல என் கை ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை ஒரு தாளில் இது வந்தது:

"எங்களுக்குக் கொடுத்த குறிப்பில் தாய் அழுதாள், நாய்க்குச் சோறு வைத்தாள் என்று இருக்கிறது. நான் கதையை மூன்று முறை படித்தேன். அவள் அழவில்லை. நாய் வந்தது உண்மை. அதற்கு அவள் ஒன்றும் வைக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து சோறு முழுவதையும் அவளே சாப்பிட்டாள். முதல் பக்கத்திலிருந்து அவள் எல்லாருக்கும் சமைக்கிறாள், ஆனால் அவள் சாப்பிட்டதாக ஓர் இடத்திலும் இல்லை. கடைசிப் பக்கத்தில்தான் சாப்பிடுகிறாள். மகன் வராதது அவளுக்குத் துக்கம். ஆனால் அவளுக்குப் பசியும் இருந்தது. ஆகவே இந்தக் கதை தியாகத்தைப் பற்றியது அல்ல. அவள் சாப்பிட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன்! பக்கத்து மேசை முனியாண்டி சாரிடம் தாளைக் காட்டினேன். பந்திங்கில் தமிழாசிரியர், எதற்கும் சிரிக்கத் தயாராக இருக்கும் மனிதர்.

"இங்க பாருங்க சார், நாய்க்குச் சோறு போடலையாம். அவளே சாப்பிட்டுட்டாளாம்!"

"யாரு, நம்ம தாயா? பிள்ளை பசியில எழுதியிருக்கும் சார். காலைல பசியாறாம வந்துருக்கும்."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஸ்கீமில் இல்லை. சிவப்பு மையில் வட்டமாக ஒரு பூஜ்யம் போட்டேன். அழகான பூஜ்யம்.

அடுத்த தாளை எடுத்தேன். கண்ணீர் மல்க, டிக். ஆனால் கை தாளம் போடவில்லை. 'மூன்று முறை படித்தேன்' என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தது எங்கேயோ குத்திக்கொண்டே இருந்தது. நான் எத்தனை முறை படித்தேன்? பல வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு ஞாயிறு பத்திரிகையில் படித்த ஞாபகம். பச்சைப் புத்தகம் எழுதிய ஒன்பது நாளில் திரும்பப் படித்தேனா? பஸ் நிலையம், தாய், தூக்குச்சட்டி, வராத மகன், ஒரு நாய். இவ்வளவும் தெரிந்தால் போதாதா? மீதியைக் கை தானாக எழுதிவிட்டது. நம் கதைகளில் எந்தத் தாய் அழாமல் இருந்திருக்கிறாள்? வகுப்பிலாவது படித்தேனா? பிள்ளைகளைத்தான் வாசிக்கச் சொல்வேன். நான் திரும்பி நின்று பலகையில் படிப்பினைகளை எழுதிக்கொண்டிருப்பேன். ஐந்தாம் பக்கம் வருவதற்குள் பதினொரு மணியாகி மீன் வாசனை வந்துவிடும். "மீதிய வீட்டுல படிங்க."

அந்தத் தாளை மறுபடி உருவி, மற்ற விடைகளைக் கூட்டிப் பார்த்தேன். எல்லாம் நல்ல விடைகள். இந்தப் பதினைந்தும் கிடைத்தால் அந்தப் பிள்ளைக்கு ஏ. என் பூஜ்யம் நின்றால் ஏ போயிற்று. பையனா பெண்ணா தெரியாது. எந்த ஊர் என்றும் தெரியாது. என் புத்தகத்தை நம்பாமல் கதையைப் போய்ப் படித்த பிள்ளை என்பது மட்டும் தெரிந்தது.

"முனி சார், கதை இருக்கா?"

"என்ன கதை?"

"அந்தக் கதைதான் சார். மூலக் கதை."

முனியாண்டி சார் பையைத் துழாவினார். பச்சைப் புத்தகம் வந்தது. அடுத்த மேசையில் கேட்டோம். அங்கேயும் பச்சைப் புத்தகம். எட்டு மேசையிலும் கேட்டாயிற்று. எட்டு இலக்கியத் திருத்துநர்கள் உட்கார்ந்திருந்த அந்த மண்டபத்தில் இலக்கியம் ஒரு பிரதிகூட இல்லை!

மதிய உணவு நேரத்தில் வாழையிலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு பிரிக்பீல்ட்சுக்கு ஓடினேன். பூக்கடைகளைத் தாண்டி ஒரு புத்தகக் கடை. உள்ளே போய் மூச்சிரைக்க, பாடநூல் கதைத் தொகுப்பு வேண்டும் என்றேன். கடைக்கார அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே கைவிட்டு எடுத்து நீட்டினார். பச்சைப் புத்தகம்.

"இது இல்லக்கா, கதை."

"இதுல எல்லாம் இருக்கு அண்ணே. கதையே படிக்க வேணாம். எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போவாங்க. எழுதுனவரு பெரிய ஆளு."

பெரிய ஆள் அங்கே வியர்த்துப்போய் நின்றுகொண்டிருந்தான். "அக்கா, உங்களுக்குப் புண்ணியமா போகும், அந்தக் கதைப் புத்தகத்தை எடுத்துக் கொடுங்க" என்று கெஞ்சினேன். ஏணி போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து தூசி தட்டி ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார்.

கடை முன்னாலேயே, ஐந்தடி நடைபாதையில், போகிற வருகிறவர்கள் இடித்துக்கொண்டு போக, நின்றபடியே ஏழு பக்கத்தையும் படித்தேன். முதல் பக்கத்தில் அவள் புருஷனுக்குச் சோறு கட்டிக் கொடுக்கிறாள். இரண்டாம் பக்கத்தில் மாமியாருக்குக் கஞ்சி வைக்கிறாள். அந்தப் பிள்ளை சொன்னது சரி, அவள் வாயில் ஒரு பருக்கை படவில்லை. ஏழாம் பக்கம். கடைசி பஸ் போகிறது. நாய் வருகிறது, வாலை ஆட்டுகிறது. அவள் சட்டியைத் திறந்து சோற்றையும் பிரட்டலையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்து சாப்பிடுகிறாள். அவசரப்படாமல் சாப்பிடுகிறாள். எலும்பைக்கூட விடவில்லை! காலிச் சட்டியை நாய்க்குக் காட்டுகிறாள். நாய் போய்விடுகிறது. அவள் கையைக் கழுவிக்கொண்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டு, வீட்டுக்கு நடக்கிறாள். கண்ணீராவது மல்குவதாவது!

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. கூடவே வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. நடுத்தெருவில் நின்று சிரித்தேன். இத்தனை வருடமாக எத்தனை ஆயிரம் பிள்ளைகளை வைத்து அந்த நாய்க்கு நான் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்! பூ கட்டிக்கொண்டிருந்த பெண் தன் நாற்காலியைக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மண்டபத்துக்குத் திரும்பியதும் கையைத் தூக்கினேன். சரோஜினி டீச்சர் வந்தார். தாளைப் படித்தார். பூஜ்யத்தைப் பார்த்தார்.

"ஸ்கீம்ல இருக்கா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப பூஜ்யம் சரிதானே சார்?"

"ஸ்கீம்ல இல்ல டீச்சர். ஆனா கதையில இருக்கு."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். புத்தகத்தை நீட்டினேன். கடைசிப் பக்கத்தை நின்றபடியே வாசித்தார். முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து வாசித்தார். பிறகு விடைத் திட்டத்தை எடுத்து, 'கண்ணீர் மல்க' என்ற இடத்தில் அந்த விரலை வைத்தார்.

"இது எங்கேருந்து வந்துச்சு சார்?"

மின்விசிறி சத்தம்கூடக் கேட்கவில்லை, யாரோ அணைத்திருந்தார்கள். எழுத்தாளர் மேல் பழி போடலாம். குழு மேல் போடலாம். ஒரு நிமிடம் இரண்டையும் யோசித்தேன், பொய் சொல்வானேன்? அப்புறம் எழுந்து நின்றேன். "என் புத்தகத்துலேருந்து டீச்சர். அந்த வாக்கியம் என்னோடது. கதையைப் படிக்காம எழுதிட்டேன்."

முனியாண்டி சார் வாயில் வைத்திருந்த கறிபஃப் அப்படியே நின்றுவிட்டது.

"எல்லாரும் அப்படித்தானே சார் எழுதியிருக்காங்க?" என்றார் ஒருவர். "இப்ப மாத்துனா எல்லாத் தாளுக்கும் மார்க் போயிடுமே."

"யார் மார்க்கும் போகாது," என்றார் சரோஜினி டீச்சர். "சொல்லிக் கொடுத்ததப் பிள்ளைங்க எழுதியிருக்காங்க. அது அவங்க குத்தமில்ல. ஆனா இந்தப் பிள்ளை கதையப் படிச்சிருக்கு." என் பேனாவை அவரே என் கையில் வைத்தார். "பூஜ்யத்த அடிங்க. நான் கையெழுத்துப் போடறேன். கருத்து இருக்கா?"

"இருக்கு டீச்சர்."

"விளக்கம்?"

"இருக்கு."

"மூணு சான்று?"

எண்ணினேன். அழவில்லை, நாய்க்கு வைக்கவில்லை, அதற்கு முன் எங்கேயும் சாப்பிடவில்லை. "இருக்கு டீச்சர்."

"அப்ப பதினஞ்சு."

எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. மேசைக்கடியில் இரண்டு காலாலும் குதித்துக்கொண்டேன். அவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "இன்னும் முடியல. திருத்தி முடிச்ச கட்டையெல்லாம் பிரிங்க. வேற யாராச்சும் இப்படி எழுதியிருந்தா, அவங்களுக்கும் பூஜ்யம் போட்டிருப்போம்."

எட்டுப் பேரும் உறைகளைப் பிரித்தோம். சாயங்காலம் வரை தேடினோம். வேறு யாரும் அப்படி எழுதவில்லை. ஆனால் முந்தின நாள் நானே திருத்திய ஒரு தாளில் ஒரு வரி அடிக்கப்பட்டிருந்தது. ரூலர் வைத்து நேராக அடித்திருந்தார்கள். உற்றுப் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே, "கடைசியில் அவள் பசியாறச் சாப்பிட்டாள்" என்று இருந்தது. அதற்கு அடுத்த வரியில் என் வாக்கியம், அட்சரம் பிசகாமல். அதற்கு நான் முழு மார்க் போட்டிருந்தேன்.

அதைப் பார்த்ததும் என் சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது! எழுதியும் விட்டிருக்கிறது. அப்புறம் என் புத்தகம் ஞாபகத்துக்கு வந்து, பயந்துபோய், கண்ணால் பார்த்ததை ரூலர் வைத்து அடித்திருக்கிறது. மறுபடி கையைத் தூக்கினேன். சரோஜினி டீச்சர் வந்து பார்த்தார். விரலை வைக்கவில்லை. "நானும் கடைசிப் பக்கத்தப் படிச்சதில்ல சார்," என்று மட்டும் மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த பதிப்பில் திருத்தினேன். பதிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார், பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றார். நான் பிடிவாதமாக இருந்து, தாய் அழவில்லை, அவளே சாப்பிட்டாள், அவள் பசி தீர்ந்தது வாசகனுக்கு மகிழ்ச்சியளிக்கிறது என்று எழுதினேன். மறு வருடம் மறுபடி அதே கதையிலிருந்து கேள்வி. தாளைப் பிரித்தால், "அவள் பசி தீர்ந்தது வாசகனுக்கு மகிழ்ச்சியளிக்கிறது." அடுத்த தாளிலும் அதேதான். கட்டு முழுவதும் எல்லாருக்கும் ஒரே அளவு மகிழ்ச்சி! முனியாண்டி சார் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். நானும் குலுங்கினேன், வேறென்ன செய்ய?

அதற்கடுத்த பதிப்பில் அந்தக் கேள்விக்கு நேரே விடையை எடுத்துவிட்டேன். 'ஏழாம் பக்கத்தைப் படித்து எழுதுக' என்று ஒரு வரி, அதற்குக் கீழே வெற்றுக் கோடுகள்.

புத்தகம் கடைக்கு வந்த வாரமே என் போன் அலற ஆரம்பித்தது. விடை அச்சாகவில்லை, பக்கம் காலியாக இருக்கிறது, மெஷின் கோளாறா என்றெல்லாம் விசாரித்தார்கள். எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னேன், பாதிப் பேர் பட்டென்று போனை வைத்தார்கள். ஒரு நாள் மத்தியானம் ஜெஞ்சாரோமிலிருந்து ஓர் ஆசிரியை கூப்பிட்டார். நல்ல கோபம்.

"சார், நாலு வருஷமா இந்தக் கதைய நடத்துறேன். நாளைக்கு வகுப்பு இருக்கு. விடையச் சொல்லிடுங்க, நான் எழுதிக்கிறேன்."

"டீச்சர், கதைப் புத்தகம் பக்கத்துல இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"ஏழாம் பக்கத்த எடுத்து வாசிங்களேன். போனை வைக்காதீங்க, நான் கேக்குறேன்."

"என்னா சார் நீங்க, பெரிய ரோதனையா போச்சு," என்று முணுமுணுத்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டினார். வாசிக்க ஆரம்பித்தார், வேகமாக, வருகைப் பதிவு வாசிக்கிற மாதிரி. கடைசி பஸ் போயிற்று. நாய் வந்தது. அவள் சட்டியைத் திறந்தாள். அதற்குமேல் அவர் குரல் மெதுவானது. ஒரு வரி வாசித்தார், நிறுத்தினார். இன்னொரு வரி வாசித்தார். அப்புறம் சத்தமே இல்லை.

"டீச்சர்? இருக்கீங்களா?"

"சார்... இவ நாய்க்குப் போடவே இல்லையா?"

"இல்ல டீச்சர்."

"ஒரு வாய்கூட?"

"ஒரு வாய்கூட."

முதல் பக்கத்திலிருந்து தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. பிறகு, ஏதோ அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிப் பேசுவதுபோல, மெல்லச் சொன்னார்:

"சாப்பிடட்டும் சார். பாவம், காலையிலேருந்து ஒண்ணுமே சாப்பிடல."